வெட்ட உண்டு, ஊட்ட இல்லை

வடசென்னை வியாசர்பாடிக்காரருக்கு வாயில் புற்று வந்தால் அரசாங்கம் கைவிட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அத்தனையும் அவதூறு. கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் போதும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தாடையில் பாதியை அறுத்து எடுப்பார்கள். கழுத்தைத் திறந்து நெறிகட்டிகளை வழித்தெடுப்பார்கள். நெஞ்சுச் சதையைத் தோலோடு புரட்டிக் கொண்டுவந்து கன்னத்து ஓட்டையை அடைப்பார்கள். கால் எலும்பை வெட்டியெடுத்துத் தாடையாக வளைத்து வைக்கும் வித்தைகூட நம் ஊரில் நடக்கிறது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றபடி வேலை செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஸ்டான்லியோ, பார்க் டவுன் ஜி.எச்.சோ, ராயப்பேட்டையோ, எங்கே போனாலும் கத்தி இலவசம்.

கஞ்சிக்குத்தான் வழியில்லை.

ஆபரேஷன் பெரிதா, கஞ்சி பெரிதா என்று கேட்பீர்கள். கோட்டையில் இருப்பவர்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். விடையையும் அவர்களே சொல்லிக்கொண்டுவிட்டார்கள். ஆனால் உடம்பு கோட்டைக்குக் கட்டுப்படாது. தையல் நூல் சதையைச் சேர்த்துப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஒட்டவேண்டியது சதை. அது ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும். புரதம் வற்றிய உடம்பில் காயம் சீழ் பிடிக்கும். ஒட்டுப்போட்ட சதை கறுக்கும். வாய்க்கும் கழுத்துக்கும் நடுவே துளை விழுந்து, விழுங்கிய எச்சில் கழுத்து வழியே கசியும். காயம் ஆறினால்தான் கதிர்வீச்சு; அதை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. காயம் ஆறவில்லை என்றால் கதிர் தள்ளிப்போகும். புற்று தள்ளிப்போகாது.

ஈஸ்பென் என்று அழைக்கப்படும் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம், அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் எடையில் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இழந்தவர், உடல் எடைக் குறியீடு 18.5-க்குக் கீழே போனவர், ரத்தத்தில் ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இறங்கியவர் ஆகியோருக்கு முதலில் 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுங்கள் என்கிறது. அதற்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை, அது புற்றுநோய் ஆபரேஷனாகவே இருந்தாலும் சரி என்கிறது. நம் காப்பீடு என்ன சொல்கிறது? 2018 முதல் மாநிலத் திட்டத்தோடு கைகோத்திருக்கும் ஆயுஷ்மான் பாரத், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் 3 நாள் செலவையும் வீடு திரும்பியபின் 15 நாள் செலவையும் ஏற்கும். அதுவும் பரிசோதனைக்கும் மருந்துக்கும்தான். வீட்டில் காய்ச்சும் கஞ்சி மருந்துப் பட்டியலில் இல்லை. பதினான்கு நாளுக்கும் மூன்று நாளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் வியாசர்பாடி விழுந்து கிடக்கிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? முல்லை நகரிலும் சத்தியமூர்த்தி நகரிலும் எம்.கே.பி. நகரிலும் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். லோடு ஏற்றும் வேலை. விடிகாலையில் லாரி ஷெட்டுக்குப் போனால் கடைசி மூட்டை இறங்கும்வரை சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. கன்னத்தில் ஒரு உருண்டை மாவாவை அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, தூக்கம் தெரியாது, முதுகுவலி தெரியாது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த அந்த உருண்டைதான் பல வருடமாக அவருடைய மதியச் சாப்பாடு. முதலில் காரம் பட்டால் எரிந்தது. மூன்று விரல் திறந்த வாய் இரண்டு விரலானது, இரண்டு ஒன்றானது. பாக்கினால் வாயின் உட்தோல் நார் நாராக இறுகிப்போகும் நோய் அது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. ஒற்றை விரல் வாய்க்குள் சோற்று உருண்டை போகாது. ரசத்தில் கரைத்துக் குடித்தார். கட்டி பெரிதாகி, வலி பொறுக்காமல், பயாப்சிக்கு வந்து நின்றபோது லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. அவரைப் புற்று தின்கிறது என்றார்கள். பசி அதற்கு முன்னாலேயே தின்ன ஆரம்பித்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு கனவான் தொண்டையைச் செருமுவார். “அவங்களே தேடிக்கிட்ட வியாதி சார். கண்டதையும் வாயில போட்டா வராதா?” கனவானுக்கு வடசென்னையைச் சினிமாவில்தான் தெரியும். கத்தி, கானா, கேரம் போர்டு. அவருக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013-லிருந்து தடை. அதற்கு முன் 2001-லும் ஒரு தடை வந்து, 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது. இரண்டாம் தடை வந்து மூன்று வருடம் கழித்து, 2016-ல், குட்கா வியாபாரிகளின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. சரக்கு இருந்த இடம் மாதவரம் பக்கம். வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். அங்கே சிக்கிய நாட்குறிப்பில் மாமூல் கணக்கு இருந்ததாகச் செய்தி வெடித்தது. 2017 ஜூலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்கே கொண்டுவந்து, தடை செய்த சரக்கு கடையில் தாராளமாகக் கிடைக்கிறது பாருங்கள் என்று தூக்கிக் காட்டினார்கள். உரிமை மீறல் நோட்டீஸ் யாருக்குப் போனது? காட்டியவர்களுக்கு. 2018-ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், அமைச்சர் வீட்டிலும் போலீஸ் உயரதிகாரிகள் வீட்டிலும் சோதனை நடந்தது. தூக்கிக் காட்டியவர்கள் 2021-ல் ஆட்சிக்கு வந்தார்கள். பெட்டிக்கடை அப்படியேதான் இருந்தது. கேட்டால் வாய் “இல்லப்பா” என்னும். கை பலகைக்குக் கீழே போய் எடுத்துத் தரும். தடையால் வந்த கைமேல் பலன், விலை ஏறியது.

தில்லி இன்னும் ஒரு படி மேலே. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பான் மசாலா தயாரிப்பின்மீது ஒரு செஸ் போட்டுச் சட்டம் இயற்றியது. சட்டத்தின் பெயரிலேயே சுகாதாரப் பாதுகாப்பும் தேசியப் பாதுகாப்பும் இருக்கின்றன. இங்கே தடை செய்த சரக்கு அங்கே எல்லையைக் காக்கிறது. ஒவ்வொரு துப்பலிலும் ஒரு தோட்டா. அந்தக் கணக்கில் பார்த்தால் வாய்ப் புற்று வந்தவர் அத்தனை பேரும் நாட்டுக்காகத் தாடையைக் கொடுத்தவர்கள். தியாகிகள். தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வேண்டாம், தினம் ஒரு லிட்டர் பால் கூடவா கட்டுப்படியாகாது?

சரி, தேடிக்கொண்ட வியாதி என்றே இருக்கட்டும். அப்படியானால் 5 லட்சம் மட்டும் எதற்கு? தாடையை அறுக்கும்போது நோயாளியின் ஒழுக்கம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. முட்டை கேட்கும்போதுதான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் சாப்பாடே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உண்டு. ரொட்டி உண்டு, பால் உண்டு, அவித்த முட்டை உண்டு, மதியம் சாதமும் சாம்பாரும் உண்டு. தள்ளுவண்டி வார்டு வாசலில் வந்து நிற்கும். தட்டேந்திப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பல் உள்ளவர், பல் இல்லாதவர், தாடை உள்ளவர், தாடை இல்லாதவர், மூக்கில் குழாய் செருகியவர் எல்லோருக்கும் அதே முழு முட்டை. சமத்துவம் வேறெங்கும் இப்படிப் பூரணமாக அமலாகவில்லை. அந்த முட்டையைப் பெரும்பாலும் துணைக்கு இருக்கும் மனைவி சாப்பிடுவார். அதுவும் நல்லதுதான், காலையிலிருந்து அவரும் பட்டினி.

தலைவர் பிறந்தநாள் வந்தால் இன்னும் விசேஷம். கரைவேட்டிகள் பத்துப் பேர், ஒரு போட்டோகிராபர், ஒரு கூடை ஆப்பிள், ஒரு கூடை ரொட்டி. வார்டில் ஒருவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மூக்கிலிருந்து தொங்கும் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். காதோரத்திலிருந்து காறை எலும்புவரை தையல். அவர் கையில் ஆப்பிளை வைத்து, நழுவிவிடாமல் நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள்.

“கேமராவப் பாருங்கண்ணே.”

அண்ணன் பார்க்கிறார்.

“லேசா சிரிங்கண்ணே.”

இந்த ஒன்றுக்காகவே வட்டச் செயலாளருக்கு மாநில விருது கொடுக்கலாம். கீழ்த்தாடையில் பாதி இல்லாத மனிதரிடம் ஆப்பிளைத் திணித்துச் சிரிக்கச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடாது. போகிற போக்கில் பக்கத்துக் கட்டிலுக்கு ரெண்டு சாத்துக்குடி. கதிர்வீச்சில் வெந்த வாயில் சாத்துக்குடிச் சாறு பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்ட அன்று ஊறுகாய் சாப்பிட்டிருந்தால் போதும். மறுநாள் நோட்டீஸ் பலகையிலும் வாட்சப்பிலும் படம் வந்துவிடும். ஏழை எளியோர் பசி தீர்ந்தது.

அடுத்தது விரதம். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு, “பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடக் குடுக்காத” என்று உத்தரவு. தலை, கழுத்துப் புற்று அறுவைக்கென்று 2017-ல் வந்த விரைவு மீட்பு வழிகாட்டி, திட உணவை ஆறு மணி நேரம் முன்பும் தெளிந்த நீர் ஆகாரத்தை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும் என்கிறது. ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குள் குழாய் வழியே ஊட்டத்தைத் தொடங்கவும் சொல்கிறது. வழிகாட்டி வந்து சேர்ந்திருக்கும். வார்டு நோட்டுக்கு வரவில்லை. காலை ஏழு மணிக்குப் பச்சை அங்கி மாட்டி உட்காரவைத்தால், முன்னால் போன கேஸ் இழுத்துக்கொண்டே போகும். மூன்று மணிக்கு வந்து, “இன்னைக்கு இல்லம்மா, அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம்” என்பார்கள். அடுத்த லிஸ்டுக்கும் அதே பத்து மணி. கோயிலுக்கு விரதம் இருந்தாலாவது புண்ணியம் சேரும். இங்கே சேருவது ஒன்றுமில்லை, இருக்கும் சதைதான் கரையும்.

டாக்டரையும் நர்ஸையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தப்பிக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன். ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்க்கும் இடம் அது. டயட்டீஷியன் என்று ஒரு பதவி உண்டு. அதில் ஆள் இருந்தாலும் அவர் சமையலறைக் கணக்கிலும் சரக்குப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டே ஓய்ந்துபோவார். கட்டில் கட்டிலாக வந்து எடை பார்த்து, இவருக்கு இத்தனை கிராம் என்று எழுதிக்கொடுக்க அவருக்கு நேரம் ஏது? அந்த நேரத்தை யாரும் வாங்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பேக்கேஜில் ரேட் இல்லை. எதற்கு ரேட் உண்டோ அதுதான் சிகிச்சை. ரேட் இல்லாதது அறிவுரை.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அறிவுரை கிடைக்கும்.

“சிஸ்டர், வூட்டுக்குப் போனா இன்னா குடுக்கறது?”

“நல்லா சத்தா குடும்மா.”

“சத்துன்னா?”

“கஞ்சி, பால், ஜூஸ். புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா வாங்கிக்கோ.”

சீட்டிலும் எழுதியிருப்பார்கள்: ஹை புரோட்டீன் டயட். மூன்று ஆங்கிலச் சொற்கள். வாய்ப் புற்று நோயாளிக்கான ஊட்டச்சத்துத் திட்டம் நம் நாட்டில் மொத்தம் இவ்வளவுதான். அறிமுக விழா இல்லை, தலைவர் படம் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை.

திட்டத்தை நிறைவேற்றும் அதிகாரி யார் என்று பார்க்க வேண்டுமானால் பத்துக்குப் பத்து அறைக்கு வாருங்கள். அண்ணி தரையில் உட்கார்ந்து மிக்சி ஓட்டிக்கொண்டிருக்கிறார். முந்தைய ஆட்சி ஒன்றில் கொடுத்த விலையில்லா மிக்சி. மிக்சியை அரசு கொடுத்தது. அதற்குள் போட வேண்டியதை மறந்துவிட்டது. ராகிக் கஞ்சியைக் காய்ச்சி ஆறவைத்து, குழைய வெந்த பருப்பையும் அவித்த முட்டையையும் போட்டு ஓட்டி, பால் விட்டு, வடிகட்டியில் வடித்து, பிறகு மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிக்கிறார். புருஷனை நிமிர்த்தி உட்காரவைக்கிறார். ஐம்பது மில்லி சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, அழுத்தாமல், தூக்கிப் பிடித்து, தானாக இறங்க விடுகிறார். இருநூறு மில்லி. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயை அலசுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதே வேலை. நடுவில் ஒரே ஒரு பருப்புத் தோல் தப்பிவிட்டால் போதும், மழைக்குக் கணேசபுரம் சப்வே அடைத்துக்கொள்வதுபோல் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பஸ்ஸில் அண்ணிக்கு இலவசம், அண்ணனுக்கு டிக்கெட்.

வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணி நின்றுவிட்டார். லோடு வேலையில் மருத்துவ விடுப்பு என்ற சமாச்சாரம் கிடையாது. இரண்டு சம்பளமும் ஒரே மாதத்தில் போய்விட்டன. அதனால் முதல் வாரம் பாலில் கஞ்சி. மூன்றாம் வாரம் கஞ்சியில் பால். ஆறாம் வாரம் வெறும் கஞ்சித் தண்ணீர். அளவு மட்டும் குறையவில்லை, இருநூறு மில்லிதான். சீட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வந்து, “முட்ட குடுக்காத, சீழ் வெக்கும்” என்பார்கள். “சக்கர போட்டா கேன்சர் வளருமாம், வாட்சப்ல வந்துச்சு” என்பார்கள். முள் சீத்தா இலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது தப்பு என்று சொல்ல அந்த வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை.

அதே லைனில் நாலு வீடு தள்ளி ஒருவருக்குக் காசநோய். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்கென்று வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் இரட்டிப்பான நிக்‌ஷய் போஷண் திட்டம். பணம் தாமதமாக வருகிறது என்று குறை உண்டு; ஆனாலும் திட்டம் உண்டு, பெயர் உண்டு, கேட்க உரிமை உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அந்த வீட்டு ஆட்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்திருந்தது. சோறும் மருந்துதான் என்று நம் நாட்டிலேயே நிரூபித்தாகிவிட்டது. ஆக, நம் அண்ணன் செய்த தவறு ஒன்றுதான். நோயைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு இரண்டு முறை ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறது. சத்துமாவு, நெய், பேரீச்சை, இரும்புச் சத்து டானிக் எல்லாம் அதில் உண்டு. நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். திட்டத்துக்கு யார் பெயர்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் யார்? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, அந்தத் துயரத்தை வைராக்கியமாக்கி, கேலி பேசியவர்களையும் மீறி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். அவர் பெயரால் பெட்டகம் தயாராகிறது. அவர் வாழ்நாளெல்லாம் யாருக்காக ஓடினாரோ, அந்த நோயாளியின் வீட்டுக்கு மட்டும் பெட்டகம் வருவதில்லை. பெயரை எடுத்துக்கொண்டோம், பொருளை விட்டுவிட்டோம்.

எண்ணுவதில் குறையில்லை. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1982-லிருந்து இருக்கிறது. 2022-ல் உலகில் புதிதாக வாய்ப் புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3.9 லட்சம், அதில் 1.4 லட்சத்துக்கு மேல் நம்மவர்கள். மூன்றில் ஒருவர் இந்தியர். ஆளை எண்ணுகிறோம், ஆளின் கிலோவை எண்ணுவதில்லை. நோயாளி முதல்முறை வந்த அன்று எத்தனை கிலோ, ஆபரேஷன் அன்று எத்தனை, கதிர்வீச்சு முடிந்த அன்று எத்தனை என்று எத்தனை ஓ.பி. சீட்டில் இருக்கிறது? செப்டம்பர் வந்தால் போஷண் மாதம் மட்டும் தவறாமல் கொண்டாடப்படும். கேழ்வரகையும் கம்பையும் தரையில் கொட்டிக் கோலம் போட்டு, நடுவில் விளக்கேற்றிப் படம் பிடிப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை நட்சத்திர ஓட்டலில் ஊட்டச்சத்து மாநாடு; அர்ஜினின் பற்றியும் ஒமேகா-3 பற்றியும் உரை, நடுவில் பவுடர் கம்பெனி உபயத்தில் பஃபே. பதினெட்டு வகை. அங்கே எல்லோருக்கும் வாய் மூன்று விரல் திறக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கோட்டைக்குப் புரியும் மொழி அதுதான். ஐம்பது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 75 கிராம் புரதமும் 1,500 கலோரியும் வேண்டும். இதை அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லியிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு அதிகாரி குறிப்பு எழுதக்கூடும். எழுதட்டும், புரதத்துக்கு மட்டும் நாற்பது இட்லி ஆகும். வேறு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் ஆவின் பால், நாலு முட்டை, ஐம்பது கிராம் ரேஷன் துவரம் பருப்பு, எழுபத்தைந்து கிராம் சத்துமாவு, நாலு டீஸ்பூன் எண்ணெய். கூட்டிப் பாருங்கள், புரதமும் கலோரியும் ஏறக்குறைய சரியாக வந்து நிற்கும். பால் சுமார் நாற்பது ரூபாய். முட்டை இருபத்தைந்து, இருபத்தெட்டு. மீதியெல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாய்க்குள் முடியும். வெளிநாட்டு டப்பா வேண்டாம், வெண்ணிலா வாசனை வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம், பின்பு ஆறேழு வாரம் என்று அறுபது நாள் வைத்துக்கொண்டால் ஆறாயிரம் ரூபாய். 5 லட்சம் ரூபாய் அட்டையில் இது நூற்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை. இந்த ஆறாயிரம் இல்லாமல் பிரிந்த காயத்துக்கு மறுபடி தியேட்டர், மறுபடி மயக்க மருந்து, மறுபடி பெட் என்று போகும் செலவை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அது வேறு தலைப்பில் வருகிறது.

செய்ய வேண்டியதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பயாப்சி முடிவு வரும் அன்றே நோயாளியை எடை பார்த்து எழுதுங்கள். தேதிக்காகக் காத்திருக்கும் வாரங்களில் பெட்டகத்தைக் கையில் கொடுங்கள்; கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது தெரியாததல்ல. ஊட்டத்துக்கும் டயட்டீஷியன் நேரத்துக்கும் பேக்கேஜில் ஒரு ரேட் போடுங்கள். வார்டுத் தள்ளுவண்டியில் முழு முட்டைக்குப் பக்கத்தில் அரைத்து வடித்த கஞ்சி ஒரு அண்டா வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் பையில் ஒரு சிரிஞ்சும் எடை மிஷினும் வைத்து அனுப்புங்கள். அடைத்த குழாயை மாற்ற வியாசர்பாடி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

இதெல்லாம் பேராசை என்றால், நிதி நிலைமை இடம் தரவில்லை என்றால், கொள்கை முடிவு பரிசீலனையில் இருக்கிறது என்றால், குறைந்தபட்சம் உண்மையையாவது சொல்லிவிடுங்கள். காப்பீட்டு அட்டையின் முன்பக்கம் படமெல்லாம் இருக்கட்டும். பின்பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில், வார்டு வாசலில் நிற்கும் அண்ணிக்கும் படிக்க வருகிற தமிழில், ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: “தையல் எங்கள் செலவு, அது பிரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.”